நாலாவது மாதத்தில் எடை ஏறுவது குறைந்துவிட்டதே!

கேள்வி: என் மகளுக்கு நாலு மாதம் முடிந்துவிட்டது. பிறந்தபோது 2.8 கிலோ, மூன்றாம் மாத முடிவில் 5.2, இப்போது 5.7தான். தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். எதிர்வீட்டுக் குழந்தை புட்டிப்பால் குடித்துக் கொழுகொழுவென்று இருக்கிறது. உனக்குப் பால் பத்தவில்லை, ராகிப் பால் காய்ச்சிக் கொடு என்கிறார் மாமியார். கொடுக்கலாமா?
- வாசகி, பாலக்கோடு

பதில்: இப்போது வேண்டாம்மா. ராகி அருமையான உணவு, நம் தர்மபுரிப் பக்கம் அதைச் சாப்பிட்டு வளராத பிள்ளை ஏது? ஆனால் ஆறு மாதம் முடியும்வரை குழந்தைக்குத் தண்ணீர்கூடத் தேவையில்லை. ராகிப் பாலில் வயிறு நிறைந்தால் அவள் தாய்ப்பால் குடிப்பது குறையும், குடிப்பது குறைந்தால் சுரப்பதும் குறையும், அப்புறம் நிஜமாகவே பால் பத்தாமல் போய்விடும். ஆறு மாதம் முடிந்ததும் மாமியாரையே காய்ச்சித் தரச் சொல்லுங்கள், தாய்ப்பாலையும் தொடருங்கள்.

சரி, எடைக்கு வருவோம். உங்கள் கணக்குப்படி முதல் மூன்று மாதம் நாளுக்குச் சுமார் 26 கிராம் ஏறியிருக்கிறாள், நாலாவது மாதத்தில் 16, 17 கிராம். இந்த வயதில் வேகம் இப்படிக் குறைவது இயல்பு. பிறந்த எடை இரட்டிப்பாக ஐந்து மாதம்கூட ஆகும், உங்கள் மகள் அதை இப்போதே தாண்டிவிட்டாள்! தாய் சேய் நல அட்டையில் உள்ள வளர்ச்சிப் படத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள், சராசரிக்குக் கொஞ்சம் கீழே, பச்சைப் பகுதிக்குள்தான் இருப்பாள். பிறந்தபோதும் அங்கேதான் இருந்தாள். அந்தக் கோடுகள் 2006ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டவை, இந்தியா உட்பட ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை அளந்து போட்டவை. அதற்கு முன்பு இருந்த அட்டவணை, பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த அமெரிக்கக் குழந்தைகளை வைத்துப் போட்டது, அதில் வைத்துப் பார்த்தால் நன்றாக வளரும் தாய்ப்பால் குழந்தைகூட மூன்று நாலு மாதத்துக்குப் பிறகு பின்தங்குவதுபோலத் தெரியும். எதிர்வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டாலும் அதேதான் நடக்கும்.

எடையை எப்போதும் ஒரே தராசில் போடுங்கள். ஸ்வெட்டர், கொலுசு, வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் போட வேண்டும், ஒரு மாதம் போட்டு ஒரு மாதம் கழற்றினால் கணக்கே மாறிவிடும்.

ஆனால் ஒரு மாதம் முழுக்க எடை ஏறவே இல்லை, நாளுக்கு ஆறு தடவைகூட ஒன்றுக்குப் போகவில்லை, பால் குடிக்கத் தெம்பில்லாமல் சோர்ந்து கிடக்கிறாள், இதில் எது நடந்தாலும் அங்கன்வாடியில் அடுத்து எடை போடும் நாள்வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.