நாலு மா

அன்புள்ள ஐயா,

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் சனிக்கிழமைதோறும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சீனம் சொல்லித் தருகிறேன். நாலு டோனில், அதாவது குரலின் நாலு ஏற்ற இறக்கப் போக்கில், 'மா' சொல்லிக் காட்டினால், "ஏலேயை எப்படிச் சொன்னாலும் ஏலேதானே டீச்சர்?" என்கிறான் ஒருவன். அதனால் தமிழில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறேன். எந்த வகுப்பில் தொடங்குவது சரி? தேசியக் கல்விக் கொள்கையின் 2019 வரைவில் இருந்த சீனம் 2020 கொள்கையின் வெளிநாட்டு மொழிப் பட்டியலில் இல்லையே, இதைப் படித்து என்ன லாபம் என்று பெற்றோரும் கேட்கிறார்கள்.

ஒரு ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

பட்டியலை விடுங்கள். பெற்றோரை ஒரு சனிக்கிழமை வகுப்பில் வந்து உட்காரச் சொல்லுங்கள், போதும்.

அந்தப் பயலைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவன் கேட்டதுதான் பாடமே. ஏலேயில் ராகம் மாறினால் கோபம், செல்லம், கெஞ்சல் என்று நமக்கு மனசுதான் மாறும். அங்கே சொல்லே மாறிவிடும்: அம்மா, சணல், குதிரை, திட்டு. இதை அவனிடம் சொன்னீர்களா? சொல்லாமல் தமிழில் எழுதிப்போட்டீர்களே, அதுதான் எனக்குக் கோபம். 'மா' என்று நாலு தடவை எழுதினால் பிள்ளை எதை மனப்பாடம் செய்யும்?

நாங்கள் இங்கிலீஷை அப்படித்தான் படித்தோம், ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் பென்சிலால் தமிழில் எழுதிவைத்து. பையும் பேக், முதுகும் பேக், மூட்டை கட்டுவதும் பேக். மார்க் நன்றாகவே வந்தது. 22 வயதில் சென்னையில் ஒரு இன்டர்வியூ. நான் சொன்ன ஒரு சொல்லை எதிரே இருந்தவர் மூன்று முறை திரும்பக் கேட்டார், நாலாவது முறை நான் வாயைத் திறக்கவில்லை. ராத்திரி ரயிலில் கோவில்பட்டி தாண்டும்வரை அந்தச் சொல்லையே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். உங்கள் பிள்ளைகளுக்கு அது வேண்டாம்.

முதலில் காதுக்குக் கொடுங்கள். வயலுக்கு அந்தப் பக்கம் போகிறவனை 'ஏஏஏ' என்று ஏறாமல் இறங்காமல் இழுத்துக் கூப்பிடுகிறோமே, அது முதல் டோன். சரியாகக் கேட்காமல் 'ஆ?' என்பது இரண்டாவது. நம்பாமல் 'ஓஹோ' என்னும்போது குரல் அடிக்குப் போய் எழும்புகிறதே, அது மூன்றாவது. 'போ!' என்று வெட்டுவது நாலாவது. எல்லாம் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது.

அப்புறம், 1958இல் சீனா ஏற்றுக்கொண்ட பின்யின் இருக்கிறதே, ரோமன் எழுத்தில் சீனம் எழுதுவது, அதில் பஸ்ஸின் முதலெழுத்து வந்தால் 'பஸ்' மாதிரிச் சொல்ல வைக்காதீர்கள். அது நம் 'பால்' என்பதில் வரும் ப. பென்சிலின் முதலெழுத்துக்குத்தான் காற்று வேண்டும். வாய்க்கு முன்னால் ஒரு துண்டுத் தாளைப் பிடிக்கச் சொல்லுங்கள். முதலாவதுக்கு அது சும்மா நிற்க வேண்டும், இரண்டாவதுக்குப் படபடக்க வேண்டும்.

எந்த வகுப்பு என்றா கேட்டீர்கள்? ஆறாம் வகுப்பே இருக்கட்டும். அந்த ஏலேப் பயல் நாலு மாவும் சொல்வதை போனில் பதிந்து அனுப்புங்கள், நான் கேட்க வேண்டும்.