தர்பூசணி வாடலுக்குச் சுரை வேர் தீர்வாகுமா?

மூன்று ஆண்டுகளாக ஒரே நிலத்தில் தர்பூசணி பயிரிட்டு வரும் திண்டிவனம் பகுதி விவசாயி ஒருவர், காய் பிடிக்கும் தருணத்தில் கொடிகள் ஒவ்வொன்றாக வாடிச் சாவதாகவும், சுரைச் செடியின் வேர்ப்பகுதி மேல் தர்பூசணி நாற்றை ஒட்டுக் கட்டினால் இது நிற்குமா, அதை வீட்டிலேயே செய்ய முடியுமா என்றும் கேட்டிருக்கிறார்.

முதலில் வாடலுக்குக் காரணம் எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வாடத் தொடங்கிய கொடியை வேரோடு பிடுங்கி, அடித்தண்டை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே நீர் கடத்தும் திசு பழுப்புக் கோடாகத் தெரிந்தால், அது பெரும்பாலும் ஃபியூசேரியம் பூஞ்சாணத்தால் வரும் வாடல் நோய். ஒட்டுச்செடி இதற்குத்தான் நல்ல தீர்வு. வேரில் முடிச்சுகள் இருந்தால் அது மண்ணில் வாழும் நுண்ணிய நூற்புழுவின் வேலை. சுரையும் பூசணியும் அந்தப் புழுவுக்கு எளிதில் இரையாகும் என்பதால், ஒட்டுக் கட்டுவதால் மட்டும் பயன் கிடைக்காது. தண்டில் பிசின் வடியும் நோய்க்கும் இதை மருந்தாக நம்ப வேண்டாம்.

ஃபியூசேரியத்தின் வித்துகள் மண்ணில் 10 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு கிடக்கக்கூடியவை. ஆகவே ஓரிரு பருவம் பயிரை மாற்றுவதால் நிலம் தூய்மையாகிவிடாது. ஆனால் தர்பூசணியைத் தாக்கும் வகை சுரையின் வேரைத் தாக்குவதில்லை. ஜப்பானிய உழவர்கள் 1920களிலேயே இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். சுரைக்கென்று தனி ஃபியூசேரியம் வகை உண்டு என்பதால், முன்பு சுரை வாடிய நிலமாக இருந்தால் கலப்பினப் பூசணியை வேர்ச்செடியாக (வேரைத் தரும் அடிச்செடியாக) கொள்ளுங்கள். பூசணி வேர் வீரியம் மிக்கது. ஆயினும் சில இரகங்களில் பழச்சதையைக் கெட்டியாக்கிச் சுவையையும் மாற்றிவிடும். முதல் முறை செய்பவருக்கு நான் சுரையையே பரிந்துரைப்பேன்.

வீட்டில் செய்வதற்குத் துளையிட்டுச் செருகும் முறை ஏற்றது. சுரை விதையின் ஓடு கடினமானது என்பதால் ஓர் இரவு ஊறவைத்து, மக்கிய தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டில் விதையுங்கள். ஏறத்தாழ ஒரு வாரம் கழித்துத் தர்பூசணியை விதையுங்கள். சுரையில் வித்திலைகளுக்கு (விதையிலிருந்து முதலில் விரியும் இரண்டு இலைகளுக்கு) அடுத்து வரும் முதல் உண்மை இலை விரியும்போது, தர்பூசணியில் வித்திலைகள் மட்டும் விரிந்திருக்க வேண்டும். இந்தக் கணக்கு தவறினால் தண்டுகளின் பருமன் பொருந்தாது; பலர் தோற்பது இங்கேதான்.

சுரையின் வளர்முனையை, வித்திலைக் கணுவில் இருக்கும் சிறு மொட்டையும் விடாமல், முழுவதுமாக அகற்றுங்கள். மிச்சம் வைத்தால் சுரையே தழைத்துத் தர்பூசணியை நசுக்கிவிடும். கூராக்கிய மூங்கில் ஊசியை ஒரு வித்திலையின் அடியிலிருந்து எதிர்ப்புறம் நோக்கிச் சாய்வாகச் செலுத்துங்கள். சுரைத் தண்டின் நடுவில் குழல் போன்ற வெற்றிடம் உண்டு. ஊசி நேராக இறங்கி அதற்குள் போனால் இரு திசுக்களும் ஒட்டாமல், தர்பூசணித் தண்டு குழலுக்குள் தனியே வேர்விட்டு இறங்கும். பிறகு தர்பூசணி நாற்றை வித்திலைக்குச் சற்றுக் கீழே ஆப்பு வடிவில் சீவி, ஊசியை உருவிய உடனே அந்தத் துளையில் இறுகச் செருகுங்கள். பிளேடையும் கைகளையும் அவ்வப்போது சுத்தம் செய்யுங்கள்.

ஒட்டுக் கட்டிய பின் வரும் ஒரு வாரம், கட்டும் வேலையைவிடக் கவனம் கேட்பது. நிழல்வலைக்குள் சிறு பாலித்தீன் கூடாரம் அமைத்து, முதல் 2 அல்லது 3 நாள்கள் இருட்டாகவும், 25 முதல் 28 டிகிரி வெப்பத்திலும், உட்புறத் தாளில் நீர் முத்துகள் தங்கும் அளவு ஈரப்பதத்துடனும் வையுங்கள். ஒட்டிய இடத்தில் மட்டும் தண்ணீர் தேங்கக் கூடாது. பிறகு நாள்தோறும் சிறிது வெளிச்சமும் காற்றும் கூட்டிப் பழக்குங்கள்.

நடும்போது ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே நிற்கட்டும். மண் தொட்டால் தர்பூசணியே வேர்விட்டு, நோய் மீண்டும் அந்த வழியாக நுழையும். ஒட்டுச்செடி அதிகம் படரும் என்பதால் இடைவெளியைக் கூட்டித் தழைச்சத்தைக் குறையுங்கள். இந்தப் பருவத்தில் நிலம் முழுவதையும் மாற்றிவிடாமல், அதிகம் வாடிய பகுதியில் சில வரிசைகளை ஒட்டுச்செடியாகவும் பக்கத்து வரிசைகளைச் சாதாரண நாற்றாகவும் நட்டு, அறுவடை வரை எத்தனை கொடிகள் நிற்கின்றன என்று எண்ணிக் குறித்து வையுங்கள்.