முடிவிலியைக் கழித்தால் விடை வருமா?

கேள்வி: குவாண்டம் புலக் கோட்பாட்டில் (துகள்களை, வெளியெங்கும் பரவிய புலங்களின் அதிர்வுகளாகப் பார்க்கும் இயற்பியல்) கணக்குப் போட்டால் முடிவிலி வருமாம், அதைக் கழித்துவிட்டு விடை சொல்வார்களாம். ஏமாற்று வேலை இல்லையா?

பதில்: இயற்பியலாளர் பால் டிராக்கும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார்! 1927-இல் மின்காந்தப் புலத்தைக் குவாண்டம் விதிகளுக்குள் கொண்டுவந்து இந்தத் துறையைத் தொடங்கிவைத்தவரே அவர்தான், ஆனாலும் கடைசிவரை இந்தக் கழித்தலை ஏற்கவில்லை. 1947-இல் லாம்பும் ரெதர்ஃபோர்டும், ஹைட்ரஜனில் ஒரே ஆற்றலில் இருக்கவேண்டிய இரண்டு நிலைகளுக்கு நடுவே, அதிர்வெண் கணக்கில், சுமார் 1000 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி இருப்பதை அளந்து காட்ட, ஷெல்டர் தீவு மாநாடு முடிந்து ரயிலில் போகும்போதே இயற்பியலாளர் ஹான்ஸ் பெத்தே, அந்த இடைவெளியைக் கணக்கிடும்போது வரும் முடிவிலி நாம் அளக்கும் எலக்ட்ரான் நிறைக்குள்ளேயே அடங்கிவிட்டது என்று வைத்துக் கணக்குப் போட்டார், 1040 மெகாஹெர்ட்ஸ் வந்தது. அப்புறம் டொமோனாகா, ஷ்விங்கர், ஃபைன்மன் மூவரும் முறையைச் சீர்செய்து 1965-இல் நோபல் வாங்கினார்கள். (ஃபைன்மனே பிற்பாடு அதை ஜாலவித்தை என்று கிண்டலடித்தார்.)

சரி, ஏன் பலிக்கிறது? 1970களில் இயற்பியலாளர் கென்னத் வில்சன் தந்த விளக்கம்தான் எனக்குத் திருப்தி. எந்தக் கோட்பாடும் ஓர் எல்லைவரைதான் செல்லும்; அதைவிட நுண்ணிய தூரத்தில் என்ன நடந்தாலும் அதன் விளைவு நிறை, மின்னூட்டம் மாதிரி அளக்கக்கூடிய சில எண்களுக்குள் ஒடுங்கிவிடும். கடலலையைக் கணக்கிட நீர் மூலக்கூறு எதற்கு? ஆனால் புலம்தான் உலகின் அடிப்படைப் பொருளா என்று கேட்டால், தத்துவக்காரர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.