மணம் வேண்டும், திகட்டக் கூடாது: காக்டெயில் சிரப் கேள்வி-பதில்

ரம் சவரில் (ரம், எலுமிச்சைச் சாறு, சிரப் கலந்த காக்டெயில்) வனிலா மணமே தெரியவில்லை என்று வனிலா சிரப்பை 15 மில்லியிலிருந்து 30 மில்லியாக்கினேன். மணம் வந்தது, ஆனால் திகட்டுகிறது. எலுமிச்சையைக் கூட்டினால் சரியாகுமா?

புளிப்பு ஈடுகட்டும். ஆனால் கோப்பையில் சிரப்பும் சாறும் பெருகி, ரம் காணாமல் போகும். 60 மில்லி மதுவுக்கு எலுமிச்சைச் சாறும் சாதா சிரப்பும் (சர்க்கரையும் தண்ணீரும் மட்டும் சேர்ந்தது) தலா 22 மில்லி என்பது சவர் வகைக்கு நல்ல தொடக்க அளவு. இதை அதிகம் குலைக்காதீர்கள்.

மணமூட்டிய சிரப்பில் மணமும் சர்க்கரையும் சேர்ந்தேதான் வரும். ஒன்றை மட்டும் கூட்ட முடியாது. அதனால் ஊற்றும் அளவை விட்டுவிட்டு சிரப்பின் மணச் செறிவைக் கூட்டுங்கள்: வனிலாக் காயைக் கீறி, விதையைச் சுரண்டி, தோலோடு சேர்த்துச் சூடான சிரப்பில் போட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். இன்னொரு வழி எனக்கு அதைவிடப் பிடிக்கும். மணத்தை மதுவிலேயே ஏற்றிவிடுவது. வனிலாவோ பட்டையோ ரம்மில் நேரடியாக ஊறினால், இனிப்புக்குச் சாதா சிரப் போதும். இரண்டையும் தனித்தனியாகக் கூட்டலாம், குறைக்கலாம். பட்டையை அடிக்கடி ருசி பார்த்து எடுத்துவிடுங்கள், விட்டால் துவர்ப்பு இறங்கிவிடும்.

கிராம்பு, லாவெண்டர் போன்றவற்றில் சிக்கல் தலைகீழ். இனிப்பு சரியாக வருவதற்குள் மணம் தூக்கி அடிக்கும். அப்போது பாதி மணச் சிரப், பாதி சாதா சிரப்.

குறிப்பில் 2:1 சிரப் (சர்க்கரை இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு) 15 மில்லி என்று இருக்கிறது. என்னிடம் இருப்பது 1:1. எவ்வளவு ஊற்றுவது?

22 மில்லி. கூடுதலாகச் சேரும் தண்ணீரைப் பற்றிக் கவலை வேண்டாம், ஐஸ் உருகிச் சேர்வது அதைவிடப் பல மடங்கு. ஆனால் உங்கள் 1:1 உண்மையில் 1:1தானா என்று பாருங்கள். ஒரு கப் சர்க்கரை ஏறக்குறைய 200 கிராம், ஒரு கப் தண்ணீர் 240 கிராம். கப்பால் அளந்தால் 50 சதவீதத்துக்குப் பதில் 45 சதவீதச் சிரப்தான் கிடைக்கும். தராசில் நிறுத்துச் செய்யுங்கள்.

ஷேக்கரில் (குலுக்கும் குடுவையில்) ருசி பார்த்தபோது சரியாக இருந்தது, கோப்பையில் புளிக்கிறது. ஏன்?

ஐஸ் போடும் முன் ருசி பார்த்திருப்பீர்கள். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு மந்தமாகத்தான் தெரியும். அதோடு, நன்றாகக் குலுக்கினால் 100 மில்லிக்கு 40, 50 மில்லி தண்ணீர்கூடச் சேரும். குலுக்கும் முன் கொஞ்சம் தூக்கலாக இனிப்பதே சரி. அதே பானம் சூடேறும்போது தித்திக்கத் தொடங்குவதும் இதனால்தான்.

ஃபிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை மட்டும் விதிவிலக்கு. குளிரில் அதன் இனிப்பு இன்னும் எடுப்பாகத் தெரியும். அகாவே என்ற கற்றாழை போன்ற செடியிலிருந்து வரும் சிரப்பில் அது மிகுதி. சர்க்கரைச் சிரப்புக்குப் பதிலாக அதே அளவு ஊற்றினால் மார்கரிட்டா (டெக்கீலா காக்டெயில்) தித்தித்துப்போகும். பாதியிலிருந்து தொடங்குங்கள். தேனை அப்படியே ஊற்றாதீர்கள், ஐஸ் பட்டதும் ஷேக்கரின் அடியில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். இரண்டு பங்கு தேனுக்கு ஒரு பங்கு வெந்நீர் கலந்து வைத்துக்கொள்ளுங்கள்.

லிக்கர் (மணமூட்டி இனிப்பாக்கிய மது) சேர்த்தால் சிரப்பைக் குறைக்க வேண்டுமா?

கட்டாயம். பலரும் லிக்கரை மதுக் கணக்கில் மட்டும் எழுதி, சர்க்கரைக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி லிக்கரில் பொதுவாக லிட்டருக்குக் குறைந்தது 100 கிராம் சர்க்கரை இருக்க வேண்டும். 'க்ரெம் த' என்று பெயர் போட்டவற்றில் 250, க்ரெம் த காசிஸில் (கருந்திராட்சை எனப்படும் பிளாக்கரன்ட் லிக்கர்) 400. ஆக, 30 மில்லி காசிஸ் ஊற்றினால் 12 கிராம் சர்க்கரை உள்ளே போய்விட்டது. அது 1:1 சிரப் 20 மில்லிக்குச் சமம். அதற்குமேல் சிரப் எதற்கு?

ஓல்ட் ஃபேஷன்டில் (விஸ்கி, சர்க்கரை, பிட்டர்ஸ் சேர்ந்த காக்டெயில்) மணச் சிரப் போடலாமா?

தாராளமாக. ஆனால் அதில் புளிப்பே இல்லை. இனிப்பைத் தாங்கிப் பிடிக்க பிட்டர்ஸும் (துளிக்கணக்கில் சேர்க்கும் கசப்பு மூலிகைச் சாறு) விஸ்கியும்தான். 60 மில்லிக்கு 2:1 சிரப் ஒரு தேக்கரண்டி, மிஞ்சினால் ஒன்றரை.

கலந்துவிட்டேன், அதிகமாக இனிக்கிறது. காப்பாற்ற முடியுமா?

எலுமிச்சைச் சாற்றைச் சில துளிகளாகச் சேர்த்துப் பாருங்கள். புளிப்பு ஒத்துவராத பானம் என்றால் பிட்டர்ஸ், இல்லாவிட்டால் இன்னும் கொஞ்சம் மது. உப்புக் கரைசல் போடச் சொல்வார்கள், இந்த இடத்தில் வேண்டாம். உப்பு கசப்பை அடக்கும். கசப்பு அடங்கினால் இனிப்பு இன்னும் தூக்கும்.

வீட்டுச் சிரப் எத்தனை நாள் தாங்கும்?

குளிர்பெட்டியில் 1:1 சுமார் ஒரு மாதம், 2:1 சில மாதங்கள். புதுப்பழம் சேர்த்தது, பாதாம் அரைத்துச் செய்யும் ஓர்ஜா சிரப் இரண்டும் ஒன்றிரண்டு வாரம்தான். ஒரு கரண்டி வோட்கா ஊற்றி வைத்தால் ஆயுள் கொஞ்சம் நீளும். தெளிவாக இருந்த சிரப் கலங்கினாலோ, நூல் நூலாக ஏதாவது மிதந்தாலோ ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.