தவறுக்கு 'டூ'வா 'மேக்'கா? ஆங்கிலச் சொற்கள் ஜோடி சேரும் விதம்

கேள்வி: தமிழ் வழியில் படித்துவிட்டுத் தனியார் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். டென்ஸ், ஆர்ட்டிக்கிள் எல்லாம் ஓரளவு சரியாகவே வருகிறது. ஆனால் மெயிலில் 'ஐ டிட் எ மிஸ்டேக்' என்று எழுதியிருந்ததை மேலாளர் 'மேட்' என்று திருத்தினார். 'ஸ்ட்ராங் ரெயின்' என்று எழுதியதையும் மாற்றினார். 'டூ'வுக்கும் 'மேக்'குக்கும் 'செய்' என்றுதானே பொருள்? இருநூறு ஜோடிகள் உள்ள பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்து பார்த்தேன். பேசும்போது ஒன்றும் வாயில் வரவில்லை. எது எதோடு சேரும் என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: கூரை வேய்ந்தான், கூடை முடைந்தான், அம்பு எய்தான், மாலை தொடுத்தாள் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். 'அம்பு எறிந்தான்' என்று யாராவது எழுதினால் அர்த்தம் புரியும், எழுவாய் பயனிலையிலும் குற்றமில்லை. ஆனால் தமிழாசிரியர் அதை மரபுப் பிழை என்று சுழித்துவிடுவார். உங்கள் மேலாளர் திருத்தியதும் மரபுப் பிழையைத்தான். சொற்கள் இப்படி மரபாக ஜோடி சேர்வதை ஆங்கிலத்தில் கொலொகேஷன் என்பார்கள். இந்தச் சொல்லை மொழியியலில் நிலைநிறுத்தியவர் ஜே. ஆர். ஃபிர்த். லண்டனில் பேராசிரியர் ஆவதற்கு முன்பு, 1920-களில், லாகூரில் ஆங்கிலம் கற்பித்தவர். ஒரு சொல்லை அது பழகும் சொற்களை வைத்து அடையாளம் காணலாம் என்று 1957-ல் எழுதினார். அவருடைய மாணவர் ஹாலிடே காட்டிய உதாரணம் இன்றும் வகுப்புகளில் ஓடுகிறது: டீ 'ஸ்ட்ராங்'காக இருக்கலாம், 'பவர்ஃபுல்'லாக இருக்காது, கார் 'பவர்ஃபுல்'லாக இருக்கும். அகராதியில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பொருள்தான். ஏன் அப்படி என்று கேட்டால், மயில் ஏன் அகவுகிறது, குயில் ஏன் கூவுகிறது என்பதற்கு என்ன பதிலோ அதுவேதான்.

பட்டியல் வாயில் வராததற்குக் காரணம் உங்கள் ஞாபகசக்தி இல்லை. பேசும்போது நமக்கு முதலில் தோன்றுவது தமிழ் வினைச்சொல்; அதை அப்படியே ஆங்கிலமாக்குகிறோம். கோளாறு அங்கேதான் இருக்கிறது. 'போடு' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். டீ போடு, சட்டை போடு, சண்டை போடு, கோலம் போடு, ஓட்டுப் போடு, சத்தம் போடு, லீவு போடு, மெயில் போடு, மீட்டிங் போடு. ஆங்கிலத்தில் டீயை 'மேக்' செய்ய வேண்டும், சட்டைக்கு 'புட் ஆன்', சண்டைக்கு 'ஃபைட்' என்ற வினையே போதும், கோலத்துக்கு 'டிரா', ஓட்டுக்கு 'காஸ்ட்', அல்லது வெறும் 'வோட்', சத்தத்துக்கு மறுபடி 'மேக்', லீவுக்கு 'அப்ளை ஃபார்' அல்லது 'டேக்', மெயிலுக்கு 'சென்ட்', மீட்டிங்குக்கு 'ஷெட்யூல்' அல்லது 'செட் அப்'. ஒன்பதில் 'புட்' எட்டிப் பார்ப்பது சட்டையில் மட்டும், அதுவும் 'ஆன்' துணையோடு. 'ஐ வில் புட் லீவ் டுமாரோ' என்ற வாக்கியம் நம் ஊர் அலுவலகங்களுக்கு வெளியே யாருக்கும் புரியாது. 'அடி', 'எடு' இரண்டும் இதே ரகம். மணி அடித்தால் 'ரிங்', ஜோக் அடித்தால் 'கிராக்', காற்று அடித்தால் 'ப்ளோ', கண் அடித்தால் 'விங்க்'.

அடைமொழியிலும் இதே கதைதான். பத்திரிகைத் தமிழில் மழை, காற்று, காயம், சத்தம், பாதுகாப்பு எல்லாமே 'பலத்த'. ஆங்கிலத்தில் மழை 'ஹெவி', காற்று 'ஸ்ட்ராங்', காயம் 'சீரியஸ்', சத்தம் 'லவுட்', பாதுகாப்பு 'டைட்'. உங்கள் 'ஸ்ட்ராங் ரெயின்' பலத்த மழையின் நேர் மொழிபெயர்ப்பு. பலத்த காற்றை அப்படி மாற்றியபோது சரியாக அமைந்தது வெறும் அதிர்ஷ்டம். மழைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

ஆகவே நீங்கள் மாற்ற வேண்டியது தேடும் திசையை. வினையிலிருந்து தொடங்காதீர்கள், பெயர்ச்சொல்லிலிருந்து தொடங்குங்கள். வாக்கியத்தில் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பது எப்படியும் உங்களுக்குத் தெரியும்: மிஸ்டேக், டிசிஷன், லீவ், கம்ப்ளெயின்ட். தனக்கு எந்த வினை வேண்டும் என்பதை அந்தப் பெயர்ச்சொல்தான் தீர்மானிக்கிறது. நீங்கள் மனப்பாடம் செய்த பட்டியல் 'மேக்' என்ற தலைப்பில் நாற்பது, 'டூ' என்ற தலைப்பில் முப்பது என்று இருந்திருக்கும். அதைக் கிழித்துப் போட்டாலும் நஷ்டமில்லை. பேசும் நேரத்தில் யாரும் 'மேக்' என்ற வினையை முதலில் வைத்துக்கொண்டு அதற்கு ஒரு பெயர்ச்சொல்லைத் தேடுவதில்லை.

'டூ', 'மேக்' பற்றி ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள். வேலை, கடமை என்றால் 'டூ': ஹோம்வொர்க், லாண்ட்ரி, ஜாப், டியூட்டி, கோர்ஸ். முடிவில் புதிதாக ஒன்று உண்டாகிறது என்றால் 'மேக்': மிஸ்டேக், பிளான், நாய்ஸ், எக்ஸ்கியூஸ், ப்ராமிஸ், ப்ராக்ரெஸ், ஃபோன் கால். பெரும்பாலும் உதவும், ஆனால் 'டூ எ ஃபேவர்', 'டூ டேமேஜ்', 'மேக் த பெட்' வரும்போது கைவிட்டுவிடும். ஆகையால் இதை ஊகத்துக்கு வைத்துக்கொள்ளலாம், தீர்ப்புக்கு வேண்டாம். இன்னொரு எச்சரிக்கை: திருத்தத்தைப் பார்த்துவிட்டு 'கமிட் எ மிஸ்டேக்' என்று தாவாதீர்கள். 'கமிட்' சேருவது கிரைம், மர்டர், ஃப்ராட், சின் போன்றவற்றோடு. அந்தச் சகவாசத்தால், கூட்டல் தப்பானதற்குக்கூடக் குற்றப்பத்திரிகை வாசிப்பது போன்ற தொனி வந்துவிடுகிறது. 'காஸ்' (விளைவிப்பது) என்ற வினைக்கும் இந்தக் கெட்ட சகவாசம் உண்டு: ப்ராப்ளம், டிலே, டேமேஜ், பெயின். 'யுவர் லெட்டர் காஸ்ட் ஹேப்பினஸ்' என்று எழுதினால் இலக்கணம் சரி, காதுக்கு நெருடல். தமிழிலும் விபத்து 'நேரும்'. கல்யாணம் 'நேர்ந்தது' என்றால் கேட்பவர் ஒரு மாதிரிப் பார்ப்பார்.

எங்கே பார்ப்பது? சாதாரண அகராதி பொருளைச் சொல்லும், ஜோடியை அதிகம் சொல்லாது. ஆக்ஸ்ஃபோர்ட் கொலொகேஷன்ஸ் டிக்‌ஷனரி 2002-ல் வந்தது. 2009-ல் இரண்டாம் பதிப்பு. அதில் 'மேக்' என்ற பக்கத்தைத் திறந்து 'மிஸ்டேக்'கைத் தேடினால் கிடைக்காது. 'மிஸ்டேக்' என்ற பெயர்ச்சொல்லின் கீழ் பார்க்க வேண்டும். அங்கே முதலில் அடைமொழிகள், பிறகு அதற்கு முன்னால் வரும் வினைகள், அதற்குப் பின்னால் வரும் வினைகள், கடைசியில் ப்ரெபொசிஷன் என்று பிரித்திருப்பார்கள். வினையின் பக்கத்தில் பெரும்பாலும் அட்வெர்ப்பும் ப்ரெபொசிஷனும்தான் இருக்கும். நூலை வாங்கிவிட்டு 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று மூலையில் வைத்தவர்கள் இந்த அமைப்பைக் கவனிக்காதவர்கள்.

இலவசமாக வேண்டுமென்றால் கூகுள் என்கிராம் வியூவர் இருக்கிறது. 'எ' என்றும் 'மிஸ்டேக்' என்றும் ஆங்கிலத்தில் தட்டி, நடுவில் ஒரு நட்சத்திரக் குறி வையுங்கள். அந்த இடத்தில் அச்சுப் புத்தகங்களில் அதிகம் வரும் பத்துச் சொற்களைக் காட்டும். பிரிட்டிஷ், அமெரிக்கப் புத்தகங்களைத் தனித்தனியாகவும் பார்க்கலாம். இன்னும் ஆழமாகப் போக விரும்பினால், 100 கோடிச் சொற்களுக்கு மேல் கொண்ட கோக்கா என்ற அமெரிக்க ஆங்கிலத் தொகுப்பில் கணக்குத் திறந்து தேடுங்கள். இலவசக் கணக்கில் நாளொன்றுக்கு இத்தனை தேடல் என்று வரம்பு உண்டு. கூகுளில் நேரடியாகத் தேடி எண்ணிக்கையை ஒப்பிடும் பழக்கம் மட்டும் வேண்டாம். அந்த எண் தோராயமானது. தவறான ஜோடிக்கும் லட்சக்கணக்கில் காட்டும். தப்பாக எழுதுபவர்களும் இணையத்தில்தானே எழுதுகிறார்கள்.

தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: ஜோடிகள் ஒட்டியே நிற்க வேண்டியதில்லை. 1987-ல் வெளியான கோபில்ட் அகராதியைப் பர்மிங்காமில் உருவாக்கிய ஜான் சிங்க்ளேர், ஒரு சொல்லுக்கு முன்னும் பின்னும் நான்கு சொற்கள் வரை ஜோடியைத் தேடலாம் என்று கணக்கு வைத்தார். 'த மிஸ்டேக் தட் அவர் டீம் மேட்' என்ற வாக்கியத்தில் பெயர்ச்சொல் முன்னால் ஓடிவிட்டது. இருந்தும் அதற்குரிய வினை மாறவில்லை. நம்மவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இப்படி இடைவெளி விழும்போதுதான்.

அடுத்தது ப்ரெபொசிஷன். 'டிஸ்கஸ் அபவுட்', 'ரிக்வெஸ்ட் ஃபார்', 'எம்ஃபசைஸ் ஆன்' மூன்றும் நம்மிடம் மிகச் சாதாரணமாகப் புழங்கும் பிழைகள். 'பற்றி விவாதித்தோம்' என்ற தமிழ் ஒரு காரணம். இன்னொரு காரணம், அதே சொல்லின் பெயர்ச்சொல் வடிவத்துக்கு ப்ரெபொசிஷன் உண்டு என்பது. 'எ டிஸ்கஷன் அபவுட் சேலரி' சரி; 'வி டிஸ்கஸ்ட் சேலரி' என்பதில் நடுவே எதுவும் வராது. 'எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' சரி. வினையானால் 'ரிக்வெஸ்டெட் லீவ்'. 'எம்ஃபசிஸ் ஆன் குவாலிட்டி' சரி. வினையானால் 'எம்ஃபசைஸ்ட் குவாலிட்டி'. 'கான்டாக்ட்', 'ஆன்சர்' இரண்டையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளலாம். திருமணத்தில் மட்டும் நம் 'உடன்' ஏமாற்றிவிடும்: 'மேரீட் டு' தான், 'வித்' அல்ல.

எல்லா வேறுபாடும் பிழை அல்ல. 'டேக் எ டிசிஷன்' பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் நல்ல வழக்கு. அமெரிக்கர்கள் 'மேக்' என்பார்கள். பரீட்சைக்கு 'டேக்' என்றால் எங்கும் செல்லும், 'சிட்' பிரிட்டிஷ் வழக்கு. நாம் 'ரைட்' என்கிறோம், இந்தி பேசுபவர்கள் 'கிவ்' என்கிறார்கள். அவரவர் தாய்மொழி அவரவர் ஆங்கிலத்தில். உள்ளூரில் 'ரைட்' என்பதால் ஒரு சேதமும் இல்லை. ஆனால் 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2022' என்பதை வெளிநாட்டு விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். அங்கே அதற்கு மயங்கி விழுந்தேன் என்று பொருள். 'கிராஜுவேட்டட்' என்று எழுதிவிடுங்கள்.

பழகும் முறை இதுதான். நீங்கள் அனுப்பிய கடைசிப் பத்து மெயில்களை எடுத்து, திரும்பத் திரும்ப வரும் பெயர்ச்சொற்களை வட்டமிடுங்கள். பெரும்பாலும் முப்பதைத் தாண்டாது. வாரத்துக்கு ஐந்து போதும். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் அரைப் பக்கம் ஒதுக்கி, இரண்டு மூன்று வினை, இரண்டு அடைமொழி, ஒரு ப்ரெபொசிஷன், அதோடு உங்கள் வேலையிலிருந்தே ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள். 'டிசிஷன்' என்றால் மேக், ரீச், ரிவர்ஸ், டஃப், ஃபைனல், ஆன். வாக்கியம்: 'வி ஹேவ் நாட் ரீச்ட் எ டிசிஷன் ஆன் த நியூ வெண்டர்.' பக்கத்தில் தமிழ் அர்த்தம் எழுத வேண்டாம். எழுதினால் மறுபடி 'எடு', 'போடு' வந்து குறுக்கே நிற்கும். ஜோடியாகவே வாய்விட்டுச் சொல்லுங்கள். 'டிசிஷன்' என்று தனியாகச் சொல்லிப் பழகினால் தனியாகவே நிற்கும்.

'அண்ட்' சேர்த்து வரும் ஜோடிகளின் வரிசையையும் அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளை, கொடுக்கல் வாங்கல் இரண்டும் ஆங்கிலத்திலும் அதே வரிசையில் வருவதால் தொல்லையில்லை. அங்கும் இங்கும் என்பது 'ஹியர் அண்ட் தேர்' ஆகிவிடும். முன்னும் பின்னும் என்பது 'பேக் அண்ட் ஃபோர்த்'. இவற்றைத் திருப்பிப் போட்டுவிடாதீர்கள்.