புருவத்தில் முடி கொட்டினால் மைக்ரோபிளேடிங் செய்யலாமா?

மைக்ரோபிளேடிங், அதாவது தோலை நுண்ணியதாகக் கீறி மை ஏற்றிப் புருவம் வரைவது, இப்போது வேண்டாம். வலப் புருவத்தில் எட்டணா அளவுக்கு மூன்றே வாரத்தில் முடி கொட்டிவிட்டது, தி.நகர் பார்லரில் மை ஏற்றி மறைத்துவிடலாம் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் தெரியாமல் மறைத்தால், அடியில் பரவுவது கண்ணுக்குத் தெரியாது. முடி திரும்ப வந்தாலும் மை அங்கேயே நிற்கும்.

புழுவெட்டாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பெயரில்தான் புழு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குவதால் வருவது. வேர் சாவதில்லை, பலருக்குத் தானாகவே முளைக்கும்.

பகல் வெளிச்சத்தில் போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஓரத்தில் நுனி தடித்து அடி மெலிந்த, ஆச்சரியக்குறி போன்ற குட்டை முடிகள் தெரிந்தால் பெரும்பாலும் அதுதான். அப்புறம், கண்ணை மூடிக்கொண்டு வீட்டில் யாரையாவது பஞ்சு நுனியால் அந்த இடத்தைத் தொடச் சொல்லுங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் நாள் கடத்தாமல் தோல் மருத்துவரிடம் போங்கள். தொழுநோயிலும் புருவம் உதிரும். அதற்கு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி பொது மருத்துவமனையிலேயே தோல் பிரிவு இருக்கிறது.

புழுவெட்டு என்று உறுதியானால், நீர்த்த ஸ்டீராய்டு ஊசியைச் சில வார இடைவெளியில் புருவத்தில் போடுவார்கள். ஸ்டீராய்டு களிம்பை நீங்களே மெடிக்கல் ஷாப்பில் வாங்கி மாதக்கணக்கில் தடவாதீர்கள், கண் அழுத்தம் ஏறலாம். சின்ன வெங்காயச் சாறும் கண்ணோரத்தில் வேண்டாம். எரிச்சல்தான் மிச்சம்.

தைராய்டு சோதனையும் எழுதித் தருவார்கள். முடிக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால் முன்பே சொல்லிவிடுங்கள், அந்தச் சோதனையில் பார்க்கும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோனின் அளவைத் தப்பாகக் காட்டக்கூடும்.