பத்து முறை எடுத்தால் சிவப்பு வந்துவிடுமா?

அன்புள்ள ஐயா,

ஒரு பையில் பத்துச் சீட்டுகள். ஒன்று மட்டும் சிவப்பு. பார்க்காமல் ஒன்றை எடுத்து, நிறத்தைக் குறித்துக்கொண்டு, பையிலேயே போட்டுக் குலுக்குகிறோம். பத்து முறை இப்படி எடுத்தால் ஒரு தடவையாவது சிவப்பு வந்தாக வேண்டும் என்றேன். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் 65 சதவீதம்தான் வாய்ப்பு என்கிறாள். பத்தில் ஒன்று, பத்து முறை. என் கணக்கில் என்ன தப்பு?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் மகள் சொல்வதுதான் சரி. எடுத்த சீட்டை வெளியே வைத்துவிட்டால் நீங்கள் நினைத்தபடி நடக்கும். பத்தாவது முறையோடு பை காலி, சிவப்பு தப்பிக்க வழியில்லை. திரும்பப் போட்டுக் குலுக்கினால் ஒவ்வொரு முறையும் பத்துச் சீட்டு, அதில் ஒரு சிவப்பு. முன்னால் வந்தது அடுத்ததைப் பாதிக்காது. சார்பற்ற நிகழ்ச்சிகள் என்பது இதைத்தான். பாடப்புத்தகக் கணக்கில் வரும் "எடுத்த பந்து மீண்டும் பையில் வைக்கப்படுகிறது" என்ற வரியைப் பிள்ளைகள் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். மொத்தக் கணக்கும் அந்த வரியில்தான் இருக்கிறது என்பதை ஆசிரியர்கள் நின்று சொல்ல வேண்டும்.

நீங்கள் வாய்ப்புகளைக் கூட்டினீர்கள். அப்படியே போனால் பதினொரு முறைக்கு 110 சதவீதம் வந்துவிடும்! சிவப்பு வராமல் போகும் வாய்ப்பைப் பெருக்கிப் பாருங்கள். ஒரு முறை வராமலிருக்க 9/10, இரண்டு முறையும் வராமலிருக்க 81/100. பத்து முறையும் வராமலிருக்க ஏறக்குறைய 0.35. மீதி 0.65 உங்கள் மகளின் விடை.

இதே இடத்தில் தடுமாறியவர்தான் பிரான்சைச் சேர்ந்த சூதாட்டப் பிரியர் ஷெவாலியே தெ மேரே. ஒரு பகடையை நான்கு முறை உருட்டினால் ஒரு தடவையாவது ஆறு விழ 1296-இல் 671 வாய்ப்பு, அதாவது பாதிக்கு மேல். இரண்டு பகடையில் இரட்டை ஆறு விழுவது ஒரு பகடையில் ஆறு விழுவதைவிட ஆறு மடங்கு அரிது. அப்படியானால் ஆறு மடங்கு, 24 முறை உருட்டினால் அதே சாதகம் இருக்க வேண்டுமே என்பது அவர் வாதம். பெருக்கிப் பார்த்தால் 49.1 சதவீதம்தான் வருகிறது. கணிதம் தன்னையே மறுக்கிறது என்று அவர் கொதித்ததை 1654-இல் கணித அறிஞர் பாஸ்கல் இன்னொரு கணித அறிஞரான ஃபெர்மாவுக்கு எழுதியிருக்கிறார். அவர்களின் அந்தக் கடிதங்களிலிருந்துதான் நிகழ்தகவுக் கணிதம் வளர்ந்தது.

சரி, உங்கள் பைக்கு வருவோம். ஏழு முறை எடுத்தாலே சிவப்பு வரும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும். 95 சதவீதத்தைத் தாண்ட 29 முறை வேண்டும். 28 முறை வராமலே போயிருந்தாலும், 29-வது முறை கையை விடும்போது வாய்ப்பு அதே பத்தில் ஒன்றுதான்.